பயோசார்ப்ஷன்: உறிஞ்சுதல் அல்ல, பரப்புக் கவர்தல்

பட்டை, உமி, நார், தோல், விதை போன்ற உயிரற்ற தாவரப் பொருளைக் கழிவுநீரில் இட்டு, அதில் கரைந்திருக்கும் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை அந்தப் பொருளின் மேல் பிடித்துவைப்பதே பயோசார்ப்ஷன். பாசி, பூஞ்சை கொண்டும் இதைச் செய்யலாம். தமிழில் இதைப் பலரும் ‘உயிரி உறிஞ்சுதல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ‘உயிரி’, ‘உறிஞ்சுதல்’ இரண்டுமே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகின்றன.

மூலச்சொல்லிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘சார்பேரே’ என்றால் உறிஞ்சுவது. உள்ளே இழுத்துக்கொள்வதைக் குறிக்க ‘அப்சார்ப்ஷன்’ முன்பே இருந்தது. வாயுக்கள் திடப்பொருளின் மேற்பரப்பில் மட்டும் சேர்வதைத் தனியே சுட்ட, ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் கைசர் 1881இல் ‘அட்சார்ப்ஷன்’ என்ற சொல்லை வழக்கில் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல 1909இல் வேதியியலாளர் மெக்பெய்ன் ‘சார்ப்ஷன்’ என்றார். அதன் முன் உயிரைக் குறிக்கும் கிரேக்க ‘பயோ’ ஒட்டியபோது நம் சொல் பிறந்தது.

இலங்கைத் தமிழ் நூல்கள் இந்த வேறுபாட்டை அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று அழகாகக் காத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் வேதியியலைத் தமிழில் படித்தவர்களுக்குப் ‘பரப்புக் கவர்தல்’ பழகிய சொல். எனக்கு இதுவே பிடிக்கும். கவர்தலுக்கு ஈர்த்தல், கைப்பற்றுதல் என்று இரு பொருளும் உண்டு. இங்கே நடப்பதும் அந்த இரண்டும்தான். தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவற்றில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. எதிர்மின்சுமை ஏறிய அந்த இடங்கள், நேர்மின்சுமை கொண்ட ஈய அயனியை ஈர்த்து, வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுவதுபோல் மேலேயே பற்றிக்கொள்கின்றன.

உறிஞ்சுதல் என்று நினைத்தால் செய்முறையே புரியாது. பொருளை ஏன் பொடியாக்க வேண்டும்? பரப்பு கூட வேண்டும் என்பதற்காக. நீரின் அமிலத்தன்மையை ஏன் சரிசெய்ய வேண்டும்? அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துவிடும், ஈயத்துக்கு இடமிருக்காது. குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் இதற்கு நேர்மாறு. அது நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால் நல்ல அமில நீரில்தான் சிக்கும். சிக்கும்போதே அதில் ஒரு பகுதி, நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறியும்விடும்.

சென்னைக்காரர்களுக்கு இது தள்ளி நிற்கும் சங்கதி அல்ல. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனி தந்தது. அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. குரோமியம் கொண்டு பதனிடும்போது தோல் ஏற்றது போக மீதி கழிவுநீரில் போகிறது. சுண்ணாம்பு இட்டுப் படியவைத்தால் பெரும்பங்கு இறங்கிவிடும். ஆனால் குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமும் ஈயம் 0.01 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. நீரில் உலோகம் லிட்டருக்குச் சில மில்லிகிராமாகக் குறைந்த பிறகு படியவைக்கும் முறை திணறும். உலோக அயனியைப் பிடித்துக்கொண்டு வேறு அயனியை விடும் அயனிப் பரிமாற்றப் பிசினோ விலை அதிகம். தேங்காய் நார்க்கழிவும் புளியங்கொட்டைத் தோலும் வேப்பம்பட்டையும் ஆய்வகங்களுக்குள் நுழைந்தது இதனால்தான்.

தேற்றாங்கொட்டையை இதோடு குழப்பக்கூடாது. கலித்தொகை ‘இல்லத்துக் காழ்’ என்று குறிப்பது அதைத்தான். கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றுதல்: மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் இறக்குவது. முருங்கை விதையின் முதன்மையான வேலையும் அதுவே. கரைந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த நீர் நச்சு நீங்கிய நீர் என்று யாரும் நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ‘உயிரி’. அது உயிருள்ளதைக் குறிக்கும். வாழும் ஆகாயத்தாமரை உலோகத்தைத் தன் உடலுக்குள் சேர்ப்பது வேறு நிகழ்வு, அதை உயிரித்திரட்சி எனலாம். நாம் பேசுவது காய்ந்த பட்டையை. ஆகவே ‘உயிர்ப்பொருள் பரப்புக் கவர்தல்’ என்பதே என் பரிந்துரை. தாவரம் மட்டுமென்றால் ‘தாவரப் பரப்புக் கவர்தல்’.

கவர்ந்த உலோகம் அழிவதில்லை. நீர்த்த அமிலத்தில் கழுவினால் பெரும்பாலும் திரும்ப வரும், பொருளையும் மறுபடி பயன்படுத்தலாம். கடைசியில் எஞ்சும் பொடி அபாயக் கழிவு, எருக்குழிக்கு ஆகாது.

எழுதும்போது: ‘நார்க்கழிவு ஈயத்தை உறிஞ்சியது’ வேண்டாம், ‘நார்க்கழிவு ஈயத்தைப் பரப்பில் கவர்ந்தது’ என்க.