வில்சன் நோய்: ஸ்கேனில் தெரிவது செம்பு அல்ல

வில்சன் நோய், உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய். அந்த நோய்க்காரரின் மூளையை எம்ஆர்ஐ எடுத்தால் அதில் படிந்த செம்பு தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெரியாது. செல்லுக்குள் செம்பு பெரும்பாலும் புரதத்தோடு ஒட்டி, காந்தத்துக்கு மசியாத வடிவில் கிடக்கிறது. படத்தில் விழுவது அது உண்டாக்கிய சேதம்தான்: நீர் கோத்த வீக்கம், உறையிழந்த நரம்பிழைகள், செத்த செல்களின் இடத்தில் வளர்ந்த தழும்பு. செம்பையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் என்ற விளக்குக் கருவி போதும். கண்ணின் முன்படலமான கார்னியாவின் ஓரத்தில் பழுப்பு வளையமாக நிற்கும்.

13ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி மரபணு, உபரிச் செம்பைப் பித்தத்தில் தள்ளிவிடும் பம்பைக் கல்லீரலுக்குச் செய்து தருகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் பம்பு நின்றுபோகும். கல்லீரல் நிறைந்து வழிந்த செம்பு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. அங்கே முதல் அடி பெரும்பாலும், மூளையின் ஆழத்தில் இருந்து அசைவுகளை ஒழுங்குபடுத்தும் புட்டாமெனுக்கு. 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன் இந்நோயை விவரித்தபோது, இறந்தவர்களின் மூளையில் சிதைந்திருக்கக் கண்டதும் அந்தப் பகுதியைத்தான்.

எம்ஆர்ஐயின் டி2 வகைப் படத்தில் நீர் மிகுந்த இடம் வெளுப்பாகத் தெரியும். புட்டாமெனின் வெளி விளிம்பு, அதைப்போலவே ஆழத்தில் உள்ள காடேட், தாலமஸ் ஆகியவை இருபுறமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. காடேட்டை ஒட்டியே மூளைநீர் அறை இருப்பதால் அந்த நீரின் வெளுப்பில் காயம் மறைந்துவிடலாம். ஃபிளேர் என்ற இன்னொரு எம்ஆர்ஐ முறை நீரைக் கறுப்பாக்கிக் காயத்தை மட்டும் காட்டும். இரும்பு சேர்ந்த இடங்களை எஸ்டபிள்யூஐ என்ற முறை கறுப்பாகக் காட்டும். டி1 வகைப் படத்தில், புட்டாமெனை ஒட்டியுள்ள குளோபஸ் பாலிடஸ் வெளுத்திருந்தால் அதைச் செம்பு என்று எழுதிவிடக் கூடாது. கெட்டுப்போன கல்லீரல் வெளியேற்றாமல் விட்ட மாங்கனீசு அது.

கை முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவுக்குப் புட்டாமென் சேதத்தோடு தொடர்பு அதிகம். கைகளை விரித்தால் இறக்கை அடிப்பதுபோல் வரும் நடுக்கத்துக்கு, சிறுமூளையிலிருந்து தாலமஸுக்குப் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். ஆனால் கணக்கு எப்போதும் ஒத்துவராது: படம் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு.

பாடநூல்கள் கொண்டாடும் 'பாண்டா முகம்' நடுமூளையின் குறுக்குவெட்டில் வருகிறது. சுற்றிலும் வெளுத்த திசு முகம்; கறுப்பாகவே தங்கிவிட்ட ரெட் நியூக்ளியஸ் இரண்டும் கண்கள்; சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் வெளிப்பகுதி காதுகள். அழகான அடையாளம்தான், நம்பி உட்கார முடியாது. பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வில்சன் நோயாளிகளில் சுமார் ஏழில் ஒருவருக்கே அது இருந்தது.

படம் எடுப்பதே ஒரு பாடு. தலை நடுங்கினால் படம் கலங்கிவிடும். விழுங்கச் சிரமப்படுபவர் மல்லாந்து கிடக்கும்போது எச்சில் தொண்டையில் தேங்கிப் புரையேறும். முன்னதாகவே உறிஞ்சி எடுத்துவிடுவது நல்லது. மயக்க மருந்து கொடுப்பதானால், கல்லீரல் நிலையைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு நடுக்கமும் பேச்சுக் குழறலும் கூடுவதுண்டு. ஆகவே மருந்துக்கு முன் ஒரு ஸ்கேன் கையில் இருப்பது நல்லது. தொடர் சிகிச்சையில் வீக்கத்தால் வந்த வெளுப்பு மாதக்கணக்கில் குறையலாம். சுருங்கிய பகுதியும் குழிவிழுந்த பகுதியும் திரும்புவதில்லை.

நோயாளியின் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இந்நோய் இருக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. அவர்களின் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறதென்று விட்டுவிடக் கூடாது. கல்லீரலில் மட்டும் செம்பு சேர்ந்திருந்தால் மூளைப் படம் இயல்பாகவே இருக்கலாம். மரபணுச் சோதனையோடு ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு இரண்டையும் பார்க்கிறார்கள். காலையில் முதல் முறை போவதைக் கொட்டிவிட்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு துளி விடாமல், ஆய்வகம் தரும் செம்பு கலக்காத கேனில் பிடிக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தவறினாலும் அளவு குறைவாகக் காட்டும், நோய் கண்ணில் படாமல் தப்பிவிடலாம்.