கீவேர்ட்: திறவுச்சொல்லா, தேடுசொல்லா?

இணைய விளம்பர வேலையில் இருப்பவர்கள் வாயில் நாள் முழுக்கப் புரளும் சொல் ‘கீவேர்ட்’. ‘கீவேர்ட் எடுத்தாச்சா?’ என்பார்கள். ‘கூகுள்ல அந்தக் கீவேர்ட அடிச்சுப் பாருங்க’ என்றும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான், பொருள்தான் வேறு. முதலாவது, விளம்பரம் கொடுப்பவர் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது, தேடுகிறவர் பெட்டியில் தட்டுவது.

ஆங்கிலத்தில் ‘கீ’ என்றால் சாவி. 19ஆம் நூற்றாண்டில் சங்கேத எழுத்தோடு சேர்ந்து புழங்கிய சொல் இது. மறைத்து எழுதிய செய்தியைப் படிக்க எந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டுமோ, அதுவே கீவேர்ட். அப்புறம் நூலகத்துக்குள் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்புகளில் உள்ள முக்கியமான சொற்களைக் கணினியே அகரவரிசையில் அடுக்கித் தரும் முறையை 1950களின் இறுதியில் உருவாக்கினார். சொல்லுக்கு விலை வந்தது 1998இல். பில் கிராஸின் கோடூ தேடுபொறி சொற்களை ஏலத்தில் விட்டது. அதிகம் கேட்டவர் விளம்பரம் மேலே நின்றது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸ் 2000இல் வந்தது. 2018இல் தமிழ் விளம்பரங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அதன் பெயரும் கூகுள் ஆட்ஸ் என்று மாறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘முக்கியச் சொல்’ என்றால் எதற்கு முக்கியம் என்ற கேள்வி நிற்கிறது. ‘குறிச்சொல்’ எனக்குப் பிடித்தது. குறி பார்த்து எய்வது போன்ற வேலைதானே இது. ஆனால் பதிவுகளுக்கு இடும் ‘டேக்’ அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் சுருக்கத்துக்குக் கீழே ‘திறவுச்சொற்கள்’ என்று போடுகிறார்கள். சாவி என்ற மூலப் பொருளுக்கும் அது பொருந்துகிறது. விளம்பரதாரர் தேர்ந்தெடுக்கும் சொல்லுக்குத் திறவுச்சொல் என்பதையே வைத்துக்கொள்ளலாம்.

தேடுகிறவர் தட்டுவதற்குப் பொருத்தமானது ‘தேடுசொல்’. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. அதனால் நடுவே ‘ச்’ வராது. தேடிய சொல், தேடுகிற சொல், தேடும் சொல் என்று மூன்று காலமும் இதற்குள் அடங்கும். கருவிகளும் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. உங்கள் தளம் எந்தெந்தத் தேடல்களில் தலைகாட்டியது என்று கூகுளின் சர்ச் கன்சோல் காட்டும். இனி எவ்வளவு பேர் தேடக்கூடும் என்று கீவேர்ட் பிளானர் கணித்துச் சொல்லும். ‘புடவை’யா ‘சேலை’யா என்ற சந்தேகத்துக்கு கூகுள் டிரெண்ட்ஸ் போதும். ஆனால் அதில் தெரியும் 100 என்பது நூறு தேடல் அல்ல, அந்த ஒப்பீட்டின் உச்சம்.

இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் நட்டம் காசில் தெரியும். காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஒருவர் ‘பட்டுப் புடவை’ என்ற திறவுச்சொல்லுக்குப் பரந்த பொருத்தத்தில், அதாவது அதோடு தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் ‘பிராட் மேட்ச்’ முறையில், பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் கழித்துத் தேடுசொல் அறிக்கையைத் திறந்தால் ‘பட்டுப் புடவை துவைப்பது எப்படி’, ‘பழைய பட்டுப் புடவை விற்க’ என்றெல்லாம் இருக்கும். இவர்கள் வாங்க வந்தவர்கள் அல்ல. ஆனாலும் சொடுக்கியதற்குக் காசு போயிருக்கும்.

இவற்றைத் தடுக்கத்தான் ‘நெகட்டிவ் கீவேர்ட்’ இருக்கிறது. ‘எதிர்மறைத் திறவுச்சொல்’ என்று நீட்டுவதைவிட ‘விலக்குச்சொல்’ என்பது வாயிலும் நிற்கும், வேலையையும் சொல்லும். தமிழில் விளம்பரம் செய்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். திறவுச்சொல்லுக்கு நெருங்கிய வடிவங்களைக் கூகுள் தானே சேர்த்துக்கொள்ளும். விலக்குச்சொல்லுக்கு எழுத்துப்பிழைகளைத் தவிர வேறு வடிவங்களை அப்படிச் சேர்க்காது. ‘துவைப்பது’ என்று மட்டும் விலக்கினால் ‘துவைக்க’ உள்ளே வந்துவிடும், ‘துவைக்கும் முறை’யும் வரும். வேற்றுமை உருபும் வினை விகுதியும் ஒட்டிக்கொண்டே போகும் மொழி நம்முடையது. ஆகவே துவைப்பது, துவைக்க, துவைக்கும், துவைக்கலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் ஏற்ற வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு பட்டியல்.