ஆப்பரேஷனல் டெஸ்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

"ஏவுகணைச் சோதனை வெற்றி" என்று பேப்பரில் வந்தால் போதும், எங்கள் குமரி மாவட்டத்தில் ஏதாவது ஒரு டீக்கடையில் வாக்குவாதம் தொடங்கிவிடும். பட்டாளத்துக்குப் போய் பென்ஷனோடு திரும்பியவர்கள் இங்கே நிறையப் பேர். மலைக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் 'டெஸ்ட்' என்றுதான் சொல்லும். ஆனால் மகேந்திரகிரிக்காரருக்கு டெஸ்ட் என்றால், எஞ்சினைத் தாங்கியில் பூட்டி எரியவிட்டு, அழுத்தமும் வெப்பமும் உந்துவிசையும் கணக்குப் போட்டபடி வருகிறதா என்று பார்ப்பது. பட்டாளத்துக்காரருக்கு டெஸ்ட் என்றால் 'டிரயல்'. தக்கலையில் ஒரு முன்னாள் ஹவில்தார் அதை இப்படிச் சொன்னார்: "டிரயல்னா முதல்ல கம்பெனிக்காரன கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லணும் மக்கா. அவன் தொட்டா எல்லாம் ஓடும்."

அவர் சொன்ன வகைக்குத்தான் ஆங்கிலத்தில் ஆப்பரேஷனல் டெஸ்டிங் என்று பெயர். ஒரு புதிய ஆயுதமோ வாகனமோ ரேடாரோ மொத்த உற்பத்திக்குப் போவதற்கு முன்னால், அதை நாளைக்குக் கையாளப்போகிற சாதாரண சிப்பாய்களிடமே கொடுத்து, தூசி, மழை, தூக்கமின்மை, எதிர்த்து நிற்கும் எதிரி என்று போரை ஒத்த சூழ்நிலையில் பார்ப்பது. பார்க்கிறவர்கள் அதை வடிவமைத்தவர்களாகவோ விற்பவர்களாகவோ இருக்கக்கூடாது. கேள்வி இரண்டுதான். எடுத்த காரியம் அதனால் முடிகிறதா? அடுத்தது, படையோடு அது குடித்தனம் நடத்துமா: எத்தனை மணிக்கு ஒருமுறை பழுதாகிறது, உதிரிபாகம் கிடைக்கிறதா, புதிதாகச் சேர்ந்த பையனுக்குக் கற்றுக்கொடுக்க முடிகிறதா. முதல் கேள்வியில் தேறிய பல ஆயுதங்கள் இரண்டாவதில்தான் கவிழ்கின்றன.

இனி சொல்லின் வேர். 'டெஸ்ட்' என்பதன் மூலம் லத்தீன் மொழியின் 'டெஸ்டும்', அதாவது மண்சட்டி. பொன்னையும் வெள்ளியையும் உருக்கி மாற்றுப் பார்க்கப் பயன்பட்ட சட்டி அது. பாத்திரத்தின் பெயர் பிறகு செய்கைக்கு ஆகிவந்தது. நம்முடைய 'சோதனை' வடமொழி 'சோதனா'விலிருந்து வந்தது. தூய்மையாக்குதல் அதன் பொருள், உலோகத்தைச் சுத்தம் செய்வதும் அதில் அடக்கம். புடம் போடுதல், உரைத்துப் பார்த்தல் என்று தமிழில் வழங்கும் சொற்களும் அதே பட்டறையில் பிறந்தவைதான். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் அன்றாடப் பேச்சு. ஆக, 'டெஸ்டிங்'குக்குச் 'சோதனை' என்று போடுவதில் குறை ஒன்றும் இல்லை.

சிக்கல் 'ஆப்பரேஷனல்' என்பதில். லத்தீனில் 'ஓபுஸ்' என்றால் வேலை. அதிலிருந்து வந்த 'ஆப்பரேஷன்' ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை ஆனது, ராணுவத்தில் படை நடவடிக்கை ஆனது. இதைக் கவனிக்காமல் 'செயல்பாட்டுச் சோதனை' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதாகத்தான் தோன்றும். அது தொழிற்சாலைக்குள்ளேயே முடிகிற வேலை. மூலச் சொல் குறிப்பதோ அதற்கு நேர் எதிரான கோடியை.

'வெள்ளோட்டம்' என்று சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். அருமையான சொல்தான். 'வெள்' என்பதற்கு வெறுமை என்றும் பொருள் உண்டு. எழுத்தில்லாத ஓலையை வெள்ளோலை என்பது அப்படித்தான். புதிதாகச் செய்த தேரைச் சாமி இல்லாமல் வெறுமனே இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று ஸ்தபதியும் தச்சரும் கூடவே நடந்து பார்ப்பார்கள். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் சாமியும் அலங்காரமும் ஏறி, வடத்தில் ஆயிரம் கை விழுந்து, தேர் ரதவீதி முனையில் திரும்புவது வேறு கதை. வெள்ளோட்டத்துக்கு இணையான ராணுவச் சொல் 'டெவலப்மென்டல் டெஸ்டிங்'. வடிவமைப்பாளர் தன் கணக்கைத் தானே சரிபார்ப்பது அது. அதற்கு 'உருவாக்கச் சோதனை' என்றே சொல்லிவிடலாம்.

பார்க்கிற கை வேறாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் சும்மா வரவில்லை. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையின் டி லனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே படைத்தலைவராகி, பீரங்கி வார்க்கும் உலை நடந்த இந்தக் கோட்டையிலேயே அடக்கமும் ஆனார். வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்து திணித்துச் சுட்டு, குழல் வெடிக்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது ஐரோப்பியப் பீரங்கித் தொழிலின் பழைய முறை. அதற்கு 'புரூஃப்' என்று பெயர். ஒடிசாவின் சண்டிப்பூரில் 1895-இல் தொடங்கிய ஆயுதச் சோதனை நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (அச்சகத்து 'புரூஃப்' தமிழில் 'மெய்ப்பு' ஆகிவிட்டது. பீரங்கிக்கும் அது நன்றாகவே பொருந்தும், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.) ஆனால் புரூஃப் இரும்பைத்தான் சோதிக்கிறது. சண்டையில் அந்தப் பீரங்கி உதவுமா என்பதை அது சொல்லாது.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிக்காரர்கள் நன்றாக அனுபவித்தார்கள். நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அவர்களுடைய மார்க் 14 டார்பிடோவை வடிவமைத்ததும், சோதித்ததும், சரி என்று சான்று கொடுத்ததும் கடற்படையின் ஒரே ஆயுதப் பிரிவு. விலை அதிகம் என்று அமைதிக் காலத்தில் உண்மையாக வெடிக்கவைத்துப் பார்ப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். போர் வந்ததும் டார்பிடோ கப்பலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. மாலுமிகள் புகார் சொன்னால், உங்களுக்குக் குறிபார்க்கத் தெரியவில்லை என்று பதில் வந்தது.

கடைசியில் 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி பக்கம், லாக்வுட் என்ற தளபதியின் ஆட்கள் ஒரு மீன்வலையைக் கடலில் கட்டித் தொங்கவிட்டார்கள். டார்பிடோவை 10 அடி ஆழத்துக்கு அமைத்து அதன் மேல் ஏவினார்கள். வலையைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை 25 அடியில். குளச்சல் கடற்கரையில் வலை பின்னுகிற எவருக்கும் இதை விளக்கவே வேண்டாம்: கண்ணி அறுந்த இடம்தான் சாட்சி. சோதனை முறை சரியில்லை என்று ஆயுதப் பிரிவு முதலில் வாதாடியது, ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அத்தோடும் முடியவில்லை. கப்பலின் இரும்பை உணர்ந்து வெடிக்க வேண்டிய காந்த விசை வெடிப்பானும் கோளாறு. அதை விலக்கிவிட்டுப் பார்த்தால், கப்பலின் பக்கவாட்டில் நேர்செங்குத்தாக மோதும்போது, அதாவது பாடப்புத்தகம் சொன்னபடி மிகச் சரியாகச் சுடும்போது, மோதல் வெடிப்பானின் ஊசி நசுங்கி டார்பிடோ வெடிக்காமலே போனது. 1943-இல் ஹவாய்த் தீவுகளில் ஒரு பாறைச் சுவரில் மோதவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அமெரிக்கா போரில் இறங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஆப்பரேஷனல் டெஸ்டிங்குக்கென்றே அமெரிக்காவில் தனி அலுவலகம் வந்தது 1983-இல், நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால். அதன் இயக்குநரை அதிபர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும். அவருடைய அறிக்கை பாதுகாப்பு அமைச்சருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகும். பெரிய திட்டம் எதுவும் இந்தச் சோதனை முடியாமல் சிற்றளவு உற்பத்தியைத் தாண்டக்கூடாது. போரில் நிறுவனத்து ஆள் கூட இருக்கப்போவதில்லை என்றால் சோதனையிலும் அவர் இருக்கக்கூடாது. தக்கலைக்காரரின் கயிறு அங்கே சட்டமாகவே இருக்கிறது. 1985-இல் 'சார்ஜன்ட் யார்க்' என்ற விமான எதிர்ப்புத் துப்பாக்கி வண்டியை, சுமார் 180 கோடி டாலர் செலவழித்த பிறகும், சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுப் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் ரத்து செய்தார்.

சட்டம் இருந்தாலும் சந்து உண்டு. எஃப்-35 போர் விமானத்துக்கு முழுவீத உற்பத்தி ஒப்புதல் கிடைத்தது 2024 மார்ச்சில். அதற்குள் ஆயிரத்தை நெருங்கிய எண்ணிக்கையில் விமானங்கள் கைமாறிவிட்டன. எல்லாம் 'சிற்றளவு' கணக்கில்! 2025 மே மாதத்தில் அந்தச் சோதனை அலுவலகத்தின் ஆட்களையே ஏறக்குறைய பாதியாகக் குறைக்க உத்தரவு வந்தது.

இந்தியாவில் ஏற்பாடு வேறு. ஆயுதங்களை வடிவமைக்கும் அரசு ஆய்வு நிறுவனமான டிஆர்டிஓ தன் உருவாக்கச் சோதனைகளை முடித்த பிறகு, 'யூசர் டிரயல்' என்ற பெயரில் படைகளே பொருளை வாங்கிப் பார்க்கின்றன. கோடையில் பொக்ரான் மணல், குளிரில் பனிமலை என்று இது நீளும். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியை 2010 மார்ச்சில் ராஜஸ்தான் பாலையில் ரஷ்ய டி-90 டாங்கியோடு போட்டிக்கு விட்டது இந்த வகைதான். 'பயனர் சோதனை' என்று இதைத் தமிழில் எழுதுகிறார்கள். மோசமில்லை, ஆனால் மொபைல் செயலியை நாலு பேரிடம் கொடுத்துப் பார்ப்பதற்கும் அதே பெயர்.

'களச்சோதனை' இன்னும் நெருங்கி வருகிறது. களம் போர்க்களமும் ஆகும், நாஞ்சில் நாட்டு நெற்களமும் ஆகும், இரண்டிலும் பதரும் மணியும் பிரியும். இருந்தாலும் நிறுவனமே தன் வண்டியைப் பாலைவனத்துக்கு ஓட்டிப்போய்ப் பார்த்தாலும் அது களச்சோதனைதானே? அதனால் தீர்ப்பையும் சேர்த்து 'களத் தகுதிச் சோதனை' என்பது என் தேர்வு. ஆங்கிலத்தில் சில சமயம் இதற்கு முன்னால் ஒட்டி வரும் 'இண்டிபெண்டன்ட்'டுக்குச் 'சுதந்திரமான' என்று போட வேண்டாம், இஷ்டத்துக்குச் சோதித்ததுபோல் ஒலிக்கும், 'சார்பற்ற' போதும். கூடவே வரும் 'எவால்யுவேஷன்' மதிப்பீடு. தேஜஸ் விமானத்துக்கு 2019 பிப்ரவரியில் கிடைத்தது போன்ற 'ஃபைனல் ஆப்பரேஷனல் கிளியரன்ஸ்' ஒப்புதலை 'இறுதிப் படைப்பயன் ஒப்புதல்' எனலாம்.

சரி, இனி செய்தி எழுதுகிறவர்களுக்கு: சண்டிப்பூரில் விஞ்ஞானிகள் ஏவினால் 'உருவாக்கச் சோதனை', ஜவான்கள் ஏவி அதிகாரிகள் மதிப்பெண் போட்டால் 'களத் தகுதிச் சோதனை' என்று தலைப்பிலேயே பிரித்துப் போடலாம். ஒரு வரி கூட நீளாது.