கத்தி வாங்க வருகிறவர்கள் முதலில் பிடியைப் பாருங்கள்

எங்கள் கம்மாலைக்கு, அதாவது கொல்லுப்பட்டறைக்கு, கத்தி கேட்டு இப்போது இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். தோட்டக்காரரும் தேன் எடுக்கப் போகிறவரும் காட்டுக்கத்தி, கோடரி என்று வேலையைச் சொல்லிக் கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், போய்விடுவார்கள். மற்றவர்கள் கைத்தொலைபேசியில் படத்தோடு வரும் இளம் பொடியன்கள். குளக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு, தடி சீவ, மீன் வெட்ட, அடுப்பு மூட்டச் சிராய் எடுக்க 'புஷ்கிராஃப்ட்' கத்தி வேண்டும் என்பார்கள். படத்தில் அலகு முழுக்க அலையலையாய்க் கோடு ஓடும், பிடி பிசினில் வார்த்து மினுங்கும். சுவரில் மாட்ட அது நல்ல சாமான். வேலைக்கு எடுப்பதென்றால் பார்க்கவேண்டிய இடங்கள் வேறு.

முதலில் பிடி. கையை நனைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியைப் பிடித்துப் பாருங்கள். வன்னி வெயிலில் அரை மணி நேரம் தடி சீவினால் உங்கள் கை அந்த நிலையில்தான் இருக்கும். மினுக்கிய பிசின் பிடி அப்போது வழுக்கும். உருண்டைப் பிடி கைக்குள் சுழலும். முட்டை வடிவில் இருந்தால், பார்க்காமலே வாய் (வெட்டும் ஓரம்) எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்டிய பிடி கடையில் சொகுசாக இருக்கும்; பிடியை மாற்றிப் பிடித்தவுடன் அந்த மேடுகள் உள்ளங்கையை உரசிக் கொப்புளம் போடும். பூவரசோ புளியோ போதும். முதிரையும் கருங்காலியும் அழகுதான், ஆனால் அனுமதியில்லாமல் தறித்த மரத்தில் பிடி போடச் சொல்லி என்னிடம் வரவேண்டாம்.

பிடிக்குள் இறங்கும் வால் அடுத்தது. வெளியே தெரியாத இடம் என்பதால் ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது. பிடி போடுவதற்கு முன் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். வால் பிடியின் நீளத்துக்கு ஓடவேண்டும், அல்லது கிட்டத்தட்ட அவ்வளவு. அலகும் வாலும் சேரும் மூலை வளைவாக இருக்கவேண்டும். சதுரமாக வெட்டி விட்டிருந்தால் தோய்ச்சலின்போது, அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கி இறுகவைக்கும்போது, வெடிப்பு அந்த மூலையில்தான் தொடங்கும். பிறகு ஒருநாள் பிடி கையோடு நிற்க, அலகு மட்டும் பறக்கும்.

அளவில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அலகு 10 முதல் 12 சென்ரிமீற்றர், முதுகு 3 அல்லது 4 மில்லிமீற்றர். 6 மில்லிமீற்றர் கேட்கிறவர்களுக்கு உண்மையில் தேவை காட்டுக்கத்தி.

இரும்பைப் பற்றித்தான் நிறையக் கதை உலாவுகிறது. லொறி வில்லுத்தகடுதான் எங்கள் பக்கம் கம்மாலைகளின் வழமையான இரும்பு. அதில் பெரும்பாலும் 0.6 வீதமளவு கார்பன் இருக்கும், நன்றாகத் தோயும். ஆனால் வருடக்கணக்காகக் குன்றும் குழியும் பார்த்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத மயிர்வெடிப்பு இருக்கலாம். அடிப்பதற்கு முன் அதைச் சோதித்தாரா என்று கொல்லரிடம் கேளுங்கள். கட்டடக் கம்பியில் அடித்தது எவ்வளவு பளபளத்தாலும் வாய் நிற்காது. கார்பன் குறைந்த இரும்பு தோயவே தோயாது.

எந்த இரும்பானாலும் தோய்ச்சல் சரியில்லையென்றால் காசு வீண். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் விடும். வில்லுத்தகட்டை அதைச் சற்றுத் தாண்டவிட்டு எண்ணெயில் இறக்கவேண்டும். அந்த நேரத்தில் அலகு கண்ணாடி மாதிரி; சீமெந்துத் தரையில் விழுந்தால் உடையும். அதனால் 200 பாகையளவில் ஓரிரு மணிநேரம் மறுபடி சுடவைத்துப் பதம் இறக்குவோம். மினுக்கிய இரும்பில் வைக்கோல் நிறம் ஏறுவது தெரியும். பதம் இறக்கினீங்களா என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

வாயோரத்தில் நீலமோ ஊதாவோ படிந்திருந்தால், தோய்த்தபின் கிறைண்டரில் சூடேறி அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். நிறத்தை மினுக்கி மறைத்துவிடலாம், மென்மையை மறைக்க முடியாது. புது அரத்தை வாயோரம் மெல்ல வைத்து இழுத்தால் வழுக்கவேண்டும். அப்புறம் ஒரு பித்தளைக் கம்பியில் வாயைச் சாய்த்து அழுத்தி இழுங்கள். ஓரம் கொஞ்சம் வளைந்து தன்பாட்டில் நிமிர வேண்டும். வளைந்தபடி நின்றால் மென்மை, பொடிந்தால் பதம் இறக்கவில்லை. காட்டுக்கத்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் அரம் கவ்வத்தான் வேண்டும், நின்ற இடத்திலேயே அரம் போட்டுத் தீட்டுகிற ஆயுதம் அது.

சுவீடன், பின்லாந்துக் கத்திகளைப் பார்த்து வாயை மெல்லிதாகச் சீவச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 20, 25 பாகை வரும் அந்த வாய் பைன், பேர்ச் மரங்களுக்கு நல்லது. காய்ந்த வீரையிலும் பாலையிலும் வைத்தால் ஓரம் சுருளும். தீட்டி முடிந்தபின் கல்லைச் சற்று நிமிர்த்தி, வாயின் நுனியோரத்தில் ஒரு மயிரளவு இரண்டாவது சரிவு வைக்கச் சொல்லுங்கள். கூர் கொஞ்சம் குறையும், நாள் முழுக்க நிற்கும்.

இன்னொன்று, இது எங்கள் மண்ணுக்கு மட்டுமான கதை. காட்டில் பொறுக்கிய இரும்பை 'இதில் கத்தி அடிச்சுத் தாங்கோ அண்ணை' என்று கொண்டுவருகிறார்கள். கொண்டுவராதீர்கள். வெடிக்காத சாமானை உலையில் வைத்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு கண்ணிவெடி அகற்றல் எவ்வளவோ நடந்திருந்தாலும், எல்லா இடமும் முடியவில்லை. தெரியாத இடத்தில் கத்தியால் நிலம் கிண்டிக் கிழங்கு தேடுவதும் அடுப்புக்குழி தோண்டுவதும் வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

வாங்கியபின் பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாங்காய், தேசிக்காய் வெட்டினால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு இருக்கட்டும். செம்மண் நிறத்தில் வருவதுதான் துரு, அதைத் தேய்த்து எடுங்கள். மாரி காலத்தில் தோலுறைக்குள் வைத்தபடி விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். துடைத்து, எண்ணெய் பூசி, வெளியே வையுங்கள். முதல் மாரியில் பிடி ஊதி, கோடையில் சுருங்கி ஆட்டம் கொடுத்தால் பசை ஊற்றிச் சமாளிக்காமல் செய்த ஆளிடமே கொண்டுபோங்கள். ஆணியைக் கழற்றி இறுக்கித் தர அரை மணி நேரம் போதும்.