கோப்ரோலைட்: சாணக்கல் அல்ல, மலப் புதைபடிவம்

‘டைரனோசரின் சாணம் கண்டெடுப்பு’ என்று தலைப்புப் போடுகிறார்கள். புலி சாணம் போட்டது என்று தமிழில் யாராவது சொல்வார்களா? நாய் சாணம்? பல்லிச் சாணம்? காதில் விழுந்ததுமே இடறுகிறது. ஆனால் டைனோசர் என்றதும் அந்தக் காது மரத்துப்போகிறது. விலங்கின் மலம் மண்ணில் புதைந்து கல்லானதுதான் கோப்ரோலைட். அந்தச் சொல்லைச் ‘சாணக்கல்’ என்று ஆக்கியதன் விளைவு இது.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் கோப்ரோஸ் என்றால் மலம், லித்தோஸ் என்றால் கல். 1829இல் இரண்டையும் சேர்த்தவர் வில்லியம் பக்லேண்ட் (1784–1856). ஆங்கிலிக்கத் திருச்சபைப் பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்தவர். பிற்காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் டீன். 1824இல் மெகலோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்து விவரித்தவரும் இவரே.

அவர் எதைப் பார்த்து அந்தச் சொல்லை ஆக்கினார் என்பதுதான் முக்கியம். 1821இல் யார்க்‌ஷயரில் கிர்க்டேல் குகை வெளிப்பட்டபோது, கழுதைப்புலி எலும்புகளோடு வெள்ளை உருண்டைகளும் கிடைத்தன. விலங்குக் காட்சிசாலை ஒன்றின் காவலரிடம் காட்டியபோது, கழுதைப்புலி இடுவது போலவே இருக்கிறது என்றார். வேதிப்பகுப்பும் அதற்கு ஒத்துவந்தது. எலும்பைக் கடித்துத் தின்னும் நாயின் மலம் காய்ந்ததும் சுண்ணாம்பாக வெளுத்துப்போவதை நம் தெருக்களிலேயே பார்க்கலாம். காரணம் ஒன்றுதான்: எலும்பின் கால்சியம் பாஸ்பேட்.

அடுத்து தென் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரை. அங்கே லயாஸ் என்ற ஜுராசிக் காலப் பாறையில் சாம்பல் நிறக் கற்கள் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அங்குல நீளம், ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலப் பருமன், நீண்ட உருளைக்கிழங்கின் வடிவம். ‘பெசோவார் கல்’ என்று அழைத்துவந்தார்கள். இக்தியோசர் என்ற அழிந்துபோன கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டில் வயிற்றுப் பகுதியில் இவை கிடப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் செதிலும் முள்ளும் இருப்பதையும் அவ்வூர்ப் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங் கவனித்திருந்தார். பக்லேண்ட் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். சில கற்களில் திருகாணி போன்ற சுற்று இருந்தது. அந்தச் சுற்று குடலின் அச்சுத்தானா என்று பார்க்க, திருகுமடிப்புள்ள சிறு சுறாக்களின் குடலுக்குள் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுகவிட்டார். அதே சுற்று வந்தது. (அப்படிச் சுருண்டவற்றை இன்று பெரும்பாலும் மீன்களுடையவை என்றே கொள்கிறார்கள். இக்தியோசருக்கு அத்தகைய குடல் இருந்ததென்ற அவர் முடிவு நிற்கவில்லை; குடலின் அச்சு கல்லில் பதியும் என்ற கண்டுபிடிப்பு நின்றது.)

அந்தப் பெசோவார் கல்லைக் ‘கோரோசனை’ என்று பெயர்ப்பதும் பிழை. பெசோவார் ஆடு முதலியவற்றின் இரைப்பையில் திரளும் கட்டி. கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். உறுப்பே வேறு.

ஆக, கழுதைப்புலி, இக்தியோசர், சுறா: சொல் பிறந்த இடத்தில் இருந்தவை எல்லாம் ஊன் தின்பவை. அவற்றின் மலத்தைச் சாணம் என்பது எப்படிப் பொருந்தும்? ஆங்கிலத்தில் எல்லா விலங்குக்கும் ஒரே பொதுச் சொல்லைப் போட்டுவிட்டுப் போகலாம். தமிழில் அப்படியில்லை. மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்கும் எலிக்கும் புழுக்கை, யானைக்கு இலத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம். யானைச் சாணம் என்ற வழக்கும் உண்டு. அதுவும் தழை தின்னும் விலங்குதான். சாணம் என்றதும் நமக்கு வருவது வைக்கோல் நார், வாசல் தெளிக்கும் கரைசல், வரட்டி. இந்தப் படம் தவறான அறிவியலையும் கையோடு கொண்டுவருகிறது. மாட்டுச் சாணம் கல்லாவது கடினம்: பாஸ்பேட் குறைவு, மழையில் கரையும், வண்டு உருட்டும், வேர் துளைக்கும். ஊனுண்ணியின் மலத்தில் எலும்பின் பாஸ்பேட் ஏற்கெனவே இருக்கிறது. விரைவில் மண் மூடினால் இறுகிவிடும். கனடாவின் சாஸ்காச்சுவானில் கிடைத்து 1998இல் விவரிக்கப்பட்ட 44 சென்டிமீட்டர் நீளப் படிவத்தை டைரனோசருடையது என்று கொண்டதற்கு, அதில் நிறைந்திருந்த எலும்புத் துண்டுகளும் ஒரு காரணம். ‘சாணக்கல்’ என்று படிக்கும் மாணவர் உள்ளே நாரைத் தேடுவார், எலும்பைத் தேடமாட்டார்.

மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்தவை தாவரவுண்ணி டைனோசர்களுடையவைதானே என்று கேட்பார்கள். உண்மை. 2005இல் அவற்றினுள் புல்லின் சிலிக்காத் துகள்கள் கண்டறியப்பட்டன. டைனோசர் காலத்திலேயே புல் இருந்ததற்கு அது ஒரு சான்று. அந்த ஒரு வகையைச் சாணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இனம் முழுவதற்கும் அந்தப் பெயரை வைக்கமுடியாது.

‘எச்சக்கல்’ இன்னொரு ஆக்கம். பறவையும் பல்லியும் எச்சமிடும், ஊர்வனவற்றுக்கு நெருக்கம்தான் என்பார்கள். மொழிக்குள் இருந்து வந்த யோசனை என்பதால் இதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் எச்சம் என்றால் எஞ்சியது. பெயரெச்சத்திலும் வினையெச்சத்திலும் இருப்பது அந்தப் பொருளே. புதைபடிவம் எல்லாவற்றுக்குமே ‘தொல்லுயிர் எச்சம்’ என்று பெயர் வழங்குகிறது. ‘டைனோசர் எச்சம் கிடைத்தது’ என்றால் கிடைத்தது தொடையெலும்பா, மலமா? அந்த ஒரு வாக்கியத்திலேயே இந்த ஆக்கம் விழுந்துவிடுகிறது.

‘மலக்கல்’ சரியாகத் தோன்றும். வேர்ச்சொற்களும் அப்படியே பொருந்தும். ஆனால் உயிருள்ள மனிதரின் குடலில் இறுகிய மலத்துக்கு மருத்துவத்தில் அந்தப் பெயர் வேண்டும். குடல்வால் அழற்சியைப் பற்றி எழுதுபவர்களிடமிருந்து அதைப் பறிக்கக்கூடாது.

எஞ்சுவது ‘மலப் புதைபடிவம்’. தமிழ்த் தொகையில் கடைசிச் சொல்லே தலை. இது ஒரு புதைபடிவம், எதனுடையது? மலத்தினுடையது. பக்லேண்டும் தம் 1829 கட்டுரைத் தலைப்பில் புதுச்சொல்லை இட்டு, ‘புதைபடிவ மலம்’ என்ற பொருளில் விளக்கத்தையும் பக்கத்திலேயே தந்தார். மலம் வடசொல் என்பவர்களுக்கு: சைவ சித்தாந்தம் மும்மலம் பேசிப் பல நூற்றாண்டாகிறது, அது நம் சொல்தான். சொல்லக் கூசுகிறது என்பவர்களுக்கு: மலம் என்பதே இடக்கரடக்கல். அதற்கும் மேலே ஒரு திரை எதற்கு? ஒரு பாதிரியார் அறிஞர் அவையில் நின்று கூசாமல் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மறைக்கத் தேவையில்லை. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டாமல், அந்த விலங்கு என்ன தின்றது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே இந்தப் பிழைகளில் பாதி நேராது.

துணைச் சொற்களையும் இதோடு ஒழுங்குபடுத்தலாம். வெளியேறாமல் குடலுக்குள்ளேயே படிவமானது கோலோலைட். அது ‘குடலடக்கப் படிவம்’. இரையை அரைக்க விழுங்கிய கூழாங்கல் ‘இரைப்பைக்கல்’. அது உண்மையிலேயே கல், அதனால் அங்கே கல் என்பதே சரி.

கடைசியாக ஒரு குழப்பம். 19ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ்‌ஷயரிலும் சஃபோக்கிலும் ‘கோப்ரோலைட்’ என்று டன் கணக்கில் தோண்டி, கந்தக அமிலம் சேர்த்து சூப்பர் பாஸ்பேட் உரம் செய்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை மலமே அல்ல, வெறும் பாஸ்பேட் உருண்டைகள். அந்த வரலாற்றை எழுதும்போது வணிகப் பெயரை மேற்கோள் குறிக்குள் ‘கோப்ரோலைட்’ என்றே விடவேண்டும். நம் பெரம்பலூர்ப் பக்கம் காரை, ஊட்டத்தூர்க் களிமண்ணிலும் பாஸ்பேட் உருண்டைகள் உண்டு. உருண்டையாக இருப்பது மட்டும் போதாது. உடைத்த முகத்தைக் கைலென்சில் பாருங்கள்: செதில், முள், எலும்புத் துணுக்கு இருக்கிறதா? மேற்பரப்பில் குடல் அழுத்திய சுற்றோ, ஒரு முனை கூம்பிய வடிவோ உண்டா? ஒன்றுமில்லையென்றால் பாஸ்பேட் உருண்டை என்றே எழுதுங்கள்.