ஆறு டன் சக்கை, ஒரு டன் கூழ்

சர்க்கரை ஆலையின் கடைசி உருளையைத் தாண்டி வெளியே வரும் சக்கையில் பாதி தண்ணீர்தான். மீதி பெரும்பாலும் நார். அதோடு பிழிபடாமல் தங்கிவிட்ட சர்க்கரை இரண்டு மூன்று சதவீதம். ஒரு டன் கரும்பை அரைத்தால் இப்படி 280 முதல் 300 கிலோ ஈரச் சக்கை கிடைக்கும். ஆலைக்காரர்கள் இதை வீணாக்குவதில்லை. கொதிகலனில் எரித்து, அந்த நீராவியிலேயே ஆலையை ஓட்டிக்கொள்வார்கள். அதனால் காகிதம் செய்யச் சக்கை கேட்டு வரும் ஆலை, சர்க்கரை ஆலையின் அடுப்புக்கு வேறு எரிபொருளுக்கு வழி சொல்லியாக வேண்டும். கரூர் மாவட்டம் புகளூருக்கு அருகே காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டி.என்.பி.எல்., 1979-ல் தொடங்கப்பட்டது. சக்கைக்கு ஈடாக எரிபொருள் தரும் இந்தப் பண்டமாற்றுதான் அதற்கு அடித்தளம்.

எவ்வளவு சக்கை தேவைப்படும் என்று பார்ப்போம். ஆயிரம் கிலோ ஈரச் சக்கையில் தண்ணீர் போக 500 கிலோ. அதில் சுமார் 30 சதவீதம் காகிதத்துக்கு உதவாத சோற்றித் துகள். அதைக் கழித்தால் 350. வேகவைக்கும்போது ஏறத்தாழ பாதி கரைந்து போய், மிஞ்சுவது 175 கிலோ காகிதக் கூழ். சேமிப்பிலும் வெளுப்பதிலும் இன்னும் கொஞ்சம் குறையும். ஆக ஒரு டன் கூழுக்கு ஆறு டன் ஈரச் சக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சோற்றித் துகளை ஆலையில் ‘பித்’ என்பார்கள். கரும்பைக் கடிக்கும்போது சாறு எங்கிருந்து வருகிறதோ, அந்தப் பஞ்சு போன்ற திசுதான் அது. நார் ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய இழையாக இருக்கும். பித் செல்லோ குட்டையாக, அகலமாக, மெல்லிய சுவரோடு ஒரு பை போல இருக்கும். இழையோடு இழை பின்னிப் பிடித்தால்தான் தாள் உருவாகும். பைக்குப் பின்னத் தெரியாது. சும்மா கிடந்தாலாவது பரவாயில்லை. சக்கையை வேகவைக்கும் கலனான டைஜஸ்டரில் ஊற்றும் காரத்தை முதலில் உறிஞ்சிக்கொள்வது இதுதான். நாருக்குப் போய்ச்சேர வேண்டிய பங்கு குறைந்துவிடும். கூழைக் கழுவும்போது தண்ணீர் வடியும் வழியை அடைக்கும். அத்தனையும் தாண்டித் தாளுக்குள் போய்விட்டால், ஆஃப்செட் அச்சில் மையின் பிசுக்கு அதைப் பிடுங்கி எடுத்துவிடும். அச்சான கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் பிளாங்கெட்டைத் துடைக்க அச்சகத்தார் இயந்திரத்தை நிறுத்த வேண்டிவரும்.

ஆகவே பித்தைச் சர்க்கரை ஆலையிலேயே பிரித்துவிடுவதுதான் நல்லது. துளைகள் போட்ட உருளைச் சல்லடைக்குள் ஒரு தண்டு சுழலும். அதில் ஆடும் சுத்தியல்கள் தொங்கும். அவை சக்கையை அடித்துத் தேய்க்க, பித் உதிர்ந்து துளை வழியே வெளியேறும், நார் கீழே இறங்கும். 50 சதவீத ஈரம் இதற்குச் சரியான பதம். காய்ந்த சக்கையை அடித்தால் நாரும் நொறுங்கித் துகளோடு போய்விடும். பிரிந்த பித் அங்கேயே கொதிகலனுக்குள் போகும். அதை லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்குக் கொண்டுபோய்ப் பிரிப்பது, குப்பைக்கு வாடகை கொடுப்பதற்குச் சமம்.

உண்மையான தலைவலி இதற்குப் பிறகுதான். கரும்பு அரைவை வருடத்தில் சில மாதங்கள்தான் நடக்கும். காகித இயந்திரமோ வருடம் முழுக்க ஓட வேண்டும். தைலமரக் கட்டையை முற்றத்தில் அடுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சக்கையை அப்படி விட முடியாது. அதில் தங்கிய சர்க்கரையை ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே புளிக்க வைக்கத் தொடங்கும். முதலில் ஆல்கஹால், பிறகு அசிட்டிக் அமிலம், கூடவே வெப்பம். குவியலின் நடுவே 60 டிகிரியைத் தாண்டும். நார் பழுப்பேறி வலு குறையும். அப்படிப்பட்ட கூழை வெளுக்க ரசாயனச் செலவு ஏறும். கட்டுகளாகக் கட்டி, காற்று போக இடைவெளி விட்டு அடுக்குவது பழைய முறை. உலர்ந்த கட்டுகளில் தீப்பிடிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. சில சமயம் உள்சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பூசணம் பிடித்த சக்கைத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோய்க்கு ‘பகாசோசிஸ்’ என்று தனிப் பெயரே இருக்கிறது.

இப்போது பெரிய ஆலைகள் செய்வது இதற்கு நேர் எதிரானது: காயவிடுவதற்குப் பதில் நனைத்து வைப்பது. தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் என்பவர் பெயரால் பரவிய முறை இது. சக்கையைத் தண்ணீரில் சுமார் மூன்று சதவீதக் கலவையாகக் கரைத்து, வடிகால் வெட்டிய காங்கிரீட் தளத்தின் மீது பம்ப் மூலம் பாய்ச்சுவார்கள். தண்ணீர் வடிய, சக்கை படிந்து இறுகிக்கொண்டே மலையாக உயரும். வடிந்த தண்ணீர் திரும்பவும் அடுத்த சக்கையைக் கரைக்கப் போகும். இறுகிய குவியலுக்குள் காற்று கிடையாது. பூசணமும் நாரைத் தின்னும் கிருமிகளும் காற்றில்லாமல் பிழைப்பது கடினம். லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு அந்தக் கவலை இல்லை. பாலைத் தயிராக்கும் அதே கூட்டம்தான். அவை மிச்சச் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றி முடித்ததும், அந்தப் புளிப்பே மற்ற கிருமிகளைத் தடுத்துவிடும். பல மாதங்களுக்குச் சக்கை நிறம் மாறாமல் இருக்கும்.

கோளாறு வருவது பெரும்பாலும் குவியலின் மேற்பரப்பிலும் சரிவுகளிலும். அங்கே இறுக்கம் போதாது, வெயிலில் காய்ந்து காற்று புகும். தண்ணீர் தெளிப்பு ஒரு பக்கம் நின்றுபோனாலும் அந்த ஓரம் பழுப்பாகும். வந்த வரிசையிலேயே எடுக்காமல், கைக்கு எட்டிய பக்கத்திலிருந்து லோடர் வாளி போட்டுக்கொண்டிருந்தால், அடியில் இருக்கும் பழைய சக்கை அடுத்த பருவம் வரை கிடந்து கெடும்.

குவியலிலிருந்து எடுத்த சக்கையை மறுபடி கழுவும்போது அந்த அமிலமெல்லாம் தண்ணீரோடு போகும். அதை அப்படியே வெளியே விட முடியாது. டி.என்.பி.எல். இந்தக் கழுவுநீரைக் காற்றில்லாத் தொட்டிகளில் செரிக்க வைத்து மீத்தேன் வாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிக்கிறது. சேமிப்புக்காகக் கிருமி உண்டாக்கிய அமிலம் இங்கே எரிபொருளாகிறது. இந்தத் தொழிலில் புத்திசாலித்தனமான இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

வேகவைப்பது இதோடு ஒப்பிட்டால் சுலபம். மரச் சில்லுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சக்கைக்கு 165 முதல் 170 டிகிரியில் கால் மணி நேரம் போதும். அதன் திசு இளக்கமானது, நாரைப் பிணைக்கும் லிக்னினும் குறைவு. கிடைமட்டக் குழாய் டைஜஸ்டருக்குள் ஒரு திருகு சக்கையை நெருக்கித் தள்ளும். நெருங்கிய சக்கையே அடைப்பான் போல நின்று உள்ளிருக்கும் நீராவி அழுத்தத்தைத் தாங்கும். சக்கை வரத்து ஒரு நொடி மெலிந்தால் அந்த அடைப்பு தளர்ந்து, நீராவியும் காரமும் திருகு வழியே பின்னோக்கிச் சீறும். வயல் மண் கலந்து வந்தால் திருகின் விளிம்பு தேய்ந்து, இதே கோளாறு அடிக்கடி வரும்.

மண்ணைக் கழுவிவிடலாம். கரும்பு தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கும் சிலிக்காவை, அதாவது மணலில் இருக்கும் அதே பொருளை, கழுவ முடியாது. கரும்பும் ஒரு புல்தானே. இந்தச் சிலிக்கா காரத்தில் கரைந்து, கூழிலிருந்து பிரியும் கறுப்புத் திரவமான பிளாக் லிக்கரோடு போகும். காரத்தை மீட்க அந்த லிக்கரைச் சுண்ட வைக்கும்போது குழாய்களில் கல்லாகப் படியும். தப்பியது, காரத்தை மீட்கப் பயன்படும் சுண்ணாம்பிலிருந்து மிஞ்சும் சேற்றில் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போவதால், சேறு முழுவதையும் திரும்பத் திரும்பச் சூளையில் சுட முடியாது. ஒரு பகுதியைக் கழித்துப் புதுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

காகித இயந்திரத்தின் கம்பி வலையில் விழும்போது கலவையில் 99 சதவீதம் தண்ணீர். வலையை விட்டு அழுத்து உருளைக்குத் தாவும் இடத்தில் ஈரத் தாளில் திடப்பொருள் ஐந்தில் ஒரு பங்குதான். குட்டை நாரால் ஆன தாள் அங்கே அறுந்துபோகும். அறுந்தால் மறுபடி நூல் கோத்தது போல ஓட்டிவிடும் வரை உற்பத்தி நிற்கும். அதனால் நீண்ட நாருள்ள ஊசியிலை மரக் கூழைக் கொஞ்சமாவது கலக்கிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் அதிகம். தைலமரம், சவுக்குக் கூழும் சேரும்.

சக்கை நார்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டிக்கொள்பவை. தாள் வழவழப்பாக, விறைப்பாக இருக்கும். உதறினால் ‘படபட’ என்று சத்தம் வரும். அதே நெருக்கம் ஒளியைச் சிதறவிடாமல் ஊடுருவ விடுவதால் பின்பக்க எழுத்து முன்னே தெரியும். அதைச் சரிக்கட்டக் கால்சியம் கார்பனேட் தூள் சேர்ப்பார்கள். அளவு மிஞ்சினால் தாள் வலுவிழந்து, வெட்டும் இடமெல்லாம் தூள் கொட்டும்.