டவர் இல்லாத விமான நிலையத்தில் பெரிய விமானமும் சின்ன விமானமும்: ஆஸ்திரேலிய விதிகளும் ஏடிஎஸ்-பி (ADS-B) மானியமும்

2023 ஜூன் 6 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள மில்டுரா விமான நிலையத்திலிருந்து இரண்டு விமானங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கிளம்பின. ஒன்று பயணிகளை ஏற்றிக்கொண்டு 09 ஓடுபாதையில் கிழக்கு நோக்கி ஓடிய டேஷ் 8. இன்னொன்று 36 ஓடுபாதையில் வடக்கு நோக்கி ஓடிய சின்ன பைப்பர் விமானம். இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுபவை. மோதல் நடக்கவில்லை, யாருக்கும் காயமும் இல்லை. ஆனால் அந்த நாட்டுப் போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பான ஏடிஎஸ்பி (ATSB) அதை மோதலை ஒட்டிய சம்பவமாக எடுத்து விசாரித்தது.

விசாரணையில் தெரியவந்ததைக் கவனித்துப் படிக்க வேண்டும். பைப்பர் விமானி ரேடியோவில் அறிவிப்புச் செய்யாமல் இல்லை. செய்தார். ஆனால் ஓடுபாதை 36 என்பதற்குப் பதில் 35 என்று சொல்லிவிட்டார். மர்ரே ஆற்றுக்கு அக்கரையில் வென்ட்வொர்த் என்ற இன்னொரு சிறிய விமானத் தளம் இருக்கிறது. அங்கே 35 என்று ஓர் ஓடுபாதை உண்டு. இரண்டு ஊருக்கும் ரேடியோ அலைவரிசை ஒன்றுதான். டேஷ் 8 விமானிகள் அந்த 35-ஐக் கேட்டதும், இது வென்ட்வொர்த்தில் இருக்கும் விமானம், நமக்குச் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். தரையில் இருக்கும்போது நிலத்தின் மேடும் கட்டடங்களும் மறைத்ததால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் முடியவில்லை.

"கன்ட்ரோல் டவரில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மில்டுராவில் டவரே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஜெட் விமானங்கள் வந்துபோகும் ஊர்களிலும் இப்படி டவர் இல்லாத விமான நிலையங்கள் இருக்கின்றன. இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்களில் பலர் வேலைக்காக, படிப்புக்காக இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பறக்கிறார்கள். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் அதிகமாகிவருகிறார்கள். இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, அதைப் பலப்படுத்த, விமானத்தின் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவிக்கு அரசு தரும் பண உதவி என்ன என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வான்வெளியின் வகைகள்

ஆஸ்திரேலிய வான்வெளி ஏ, சி, டி, இ, ஜி என்று வகை பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ என்பது மிக உயரத்தில் பறக்கும் பெரிய விமானங்களுக்கானது. சிட்னி, மெல்பர்ன் போன்ற பெரிய விமான நிலையங்களைச் சுற்றி சி. ஆல்பரி, டாம்வர்த், காஃப்ஸ் ஹார்பர் போன்ற டவர் உள்ள பிராந்திய நிலையங்களைச் சுற்றி டி. கட்டுப்பாடே இல்லாத மிச்சப் பரப்பு ஜி. மில்டுராவில் தரையை ஒட்டி இருப்பது இந்த ஜி வகைதான்.

பறக்கும் முறையும் இரண்டு. கருவிகளை நம்பி, மேகத்துக்குள்ளும் பறக்கக்கூடியது ஐஎஃப்ஆர். பயணிகள் விமானங்கள் இப்படித்தான் பறக்கும். வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது விஎஃப்ஆர். சின்ன விமானங்களில் பெரும்பாலானவை இந்த முறையில் பறப்பவை.

டவர் இருந்துவிட்டால் இவை இரண்டையும் அவர்கள் விலக்கி வைத்துவிடுவார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சி வகையில் அது சரி. டி வகையில் அப்படி இல்லை. உள்ளே நுழைய இருவருக்குமே டவரின் அனுமதி வேண்டும், ஓடுபாதையில் இருவரும் ஒரே நேரத்தில் வராமல் டவர் பார்த்துக்கொள்ளும். ஆனால் வானத்தில் ஒரு பயணிகள் விமானத்துக்கும் செஸ்னா போன்ற ஒரு சின்ன விமானத்துக்கும் இடையே இத்தனை தூரம் இருக்க வேண்டும் என்று டவர் இடைவெளி வகுத்துத் தராது. "உங்களுக்கு முன்னால், இந்தத் திசையில், இந்த உயரத்தில் ஒரு செஸ்னா" என்று தகவல் தரும். அதைத் தேடிக் கண்டுபிடித்து விலகுவது விமானியின் பொறுப்பு. ஜி வகையில் இன்னும் ஒரு படி கீழே. ஐஎஃப்ஆர் விமானங்களுக்கு மற்ற ஐஎஃப்ஆர் விமானங்களைப் பற்றி தூரத்துக் கட்டுப்பாட்டு மையம் சொல்லும். ரேடாரிலோ ரேடியோவிலோ தென்படாத சின்ன விமானத்தைப் பற்றி அந்த மையத்தால் எதுவும் சொல்ல இயலாது.

பொது அலைவரிசை விதிகள்

டவர் இல்லாத இடத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறார்கள். அதற்கு சிடாஃப் என்று பெயர். தனி அலைவரிசை ஒதுக்கப்படாத தளங்களில் 126.7 மெகாஹெர்ட்ஸ். மலைப்பாதை வளைவில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்புவதைப் போல, இங்கே ஒவ்வொரு விமானியும் தான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். யாரும் யாருக்கும் உத்தரவு கொடுப்பதில்லை.

2021 டிசம்பர் 2 முதல் நடப்பில் உள்ள பொதுப் பறப்பு விதிகளின்படி, சான்றளிக்கப்பட்ட விமான நிலையத்தின் அருகே பறக்க வேண்டுமானால் விமானத்தில் விஎச்எஃப் ரேடியோ இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்தத் தகுதி பெற்றவரும் இருக்க வேண்டும். "அருகே" என்பது நிலையத்திலிருந்து 10 கடல் மைல், அதாவது சுமார் 18.5 கிலோமீட்டர் தூரத்துக்குள், கூடவே மற்ற போக்குவரத்தோடு முட்டக்கூடிய உயரம். மோதலைத் தவிர்க்கத் தேவை என்று தோன்றும் போதெல்லாம் அறிவிப்புச் செய்வது சட்டக் கடமை. எந்தெந்தக் கட்டத்தில் பேசுவது நல்லது என்பதை விமானப் பாதுகாப்பு ஆணையமான காசா பரிந்துரையாகச் சொல்லியிருக்கிறது: ஓடுபாதையை நோக்கி நகரும்போது, ஓடுபாதைக்குள் நுழையும்போது, வெளியிலிருந்து வருபவர்கள் 10 கடல் மைலுக்கு முன்னால், தரையிறங்கும் சுற்றுப்பாதையில் சேரும்போது.

அறிவிப்புக்கு ஒரு வரிசை உண்டு. "மில்டுரா ட்ராஃபிக்" என்று ஊர்ப் பெயரில் ஆரம்பம். பிறகு விமானத்தின் வகை, அதன் அழைப்புப் பெயர், இருக்கும் இடம், உயரம், செய்யப்போகும் காரியம். கடைசியில் மறுபடியும் "மில்டுரா." ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்ல வைத்திருப்பதன் காரணம் மேலே பார்த்ததுதான். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும். பேச்சின் தொடக்கம் இரைச்சலில் போய்விட்டாலும் முடிவில் பெயர் காதில் விழ வேண்டும். ஊர்ப் பெயருக்குக் கொடுக்கும் கவனத்தை ஓடுபாதை எண்ணுக்கும் கொடுங்கள். எண் மாறினால் கேட்பவர் மனதில் வேறு ஊரே வந்துவிடும்.

சரியான அலைவரிசையில்தான் இருக்கிறோமா என்று சோதிக்கவும் பல தளங்களில் வழி உண்டு. நீங்கள் பேசி முடித்து பொத்தானை விட்டதும் தரையில் உள்ள கருவி ஒன்று பதில் தரும். கடந்த ஐந்து நிமிடங்களில் யாரும் பேசியிருக்காவிட்டால் பதிவு செய்த குரலில் தளத்தின் பெயரைச் சொல்லும். சற்றுமுன் யாராவது பேசியிருந்தால் ஒரு சின்ன "பீப்" மட்டும். இந்தக் கருவி உள்ள தளத்தில் இரண்டுமே வரவில்லை என்றால், ரேடியோ அலைவரிசையை உடனே சரிபாருங்கள்.

உயரத்திலும் ஒரு பிரிப்பு இருக்கிறது. தரையிறங்கும் சுற்றுப்பாதையை வேகமான டர்பைன் விமானங்கள் தரையிலிருந்து 1500 அடியிலும், சாதாரண ஒற்றை எஞ்சின் விமானங்கள் 1000 அடியிலும், மிக மெதுவானவை 500 அடியிலும் சுற்றுகின்றன. வேறு குறிப்பு இல்லாவிட்டால் எல்லாம் இடப்புறத் திருப்பம். பயணிகள் விமானம் சுற்றாமல் நேராக வந்து இறங்க விரும்பலாம். அப்படி வருவதாக இருந்தால் குறைந்தது 3 கடல் மைலுக்கு முன்பே ஓடுபாதைக்கு நேராக வந்துவிட வேண்டும், சுற்றுப்பாதையில் ஏற்கனவே பறப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். பெரிய விமானம் என்பதற்காக முன்னுரிமை கிடையாது. நடைமுறையில் பல சின்ன விமானிகள் தாங்களாகவே இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி ஜெட்டுக்கு இடம் விடுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அதையும் ரேடியோவில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

கண் மட்டும் போதாது

இந்த முழு ஏற்பாடும் கடைசியில் கண்ணில் போய் நிற்கிறது. அங்கேதான் எனக்குக் கவலை. தாழ்வான உயரத்தில் விஎஃப்ஆர் பறக்க 5 கிலோமீட்டர் பார்வைத்திறன் போதும் என்கிறது விதி. 200 நாட் (மணிக்கு 200 கடல் மைல்) வேகத்தில் வரும் டர்போபிராப் பயணிகள் விமானமும் 100 நாட் வேகத்தில் வரும் சின்ன விமானமும் நேருக்கு நேர் வந்தால், அந்த 5 கிலோமீட்டர் சுமார் 32 விநாடியில் தீர்ந்துபோகும். அதற்குள் வரைபடம் பார்க்க வேண்டும், கருவி பார்க்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும். இதில் இன்னொரு கொடுமை: மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே புள்ளியாக நிற்கும். நகர்வதைத்தான் மனிதக் கண் சட்டென்று பிடிக்கும், நிற்பதை விட்டுவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தேடல் எட்டு மடங்கு பலன் தரும் என்று 1991-லேயே ஏடிஎஸ்பியின் முந்தைய அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை எடுத்துச் சொன்னது.

வாய்வழித் தகவலுக்கும் எல்லை உண்டு. 2020 பிப்ரவரி 19 அன்று விக்டோரியாவில் உள்ள மங்களூர் என்ற ஊரின் அருகே, கட்டுப்பாடற்ற வான்வெளியில், பயிற்சியில் இருந்த இரண்டு இரட்டை எஞ்சின் விமானங்கள் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். இரண்டுமே ஐஎஃப்ஆர். ஒன்றைப் பற்றி மற்றதற்குக் கட்டுப்பாட்டு மையம் சொல்லியும் இருந்தது. மற்ற விமானத்தைத் திரையில் காட்டும் வசதி காக்பிட்டில் இருந்திருந்தால் உதவியிருக்கும் என்பதை ஏடிஎஸ்பி வலியுறுத்தியது. அந்த வசதிதான் ஏடிஎஸ்-பி (ADS-B). விசாரணை அமைப்பான ஏடிஎஸ்பியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏடிஎஸ்-பி மானியம்: யாருக்கு, எவ்வளவு

ஏடிஎஸ்-பி பொருத்திய விமானம் தன் இடம், உயரம், வேகத்தை ஜிபிஎஸ் மூலம் கணித்துத் தொடர்ந்து ஒலிபரப்பும். ஒலிபரப்பும் பகுதி "அவுட்". மற்றவர்களுடையதைப் பெற்று டேப்லெட்டிலோ திரையிலோ காட்டும் பகுதி "இன்". ஆஸ்திரேலியாவில் ஐஎஃப்ஆர் விமானங்களுக்கு அவுட் ஏற்கனவே கட்டாயம். விஎஃப்ஆர் விமானங்களுக்குப் பொதுவாகக் கட்டாயமில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மத்திய அரசு 3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி மானியத் திட்டம் கொண்டுவந்தது.

ஆஸ்திரேலியாவில் பதிவான, விஎஃப்ஆரில் பறக்கும் விமானத்தின் உரிமையாளருக்கு, தகுதியுள்ள கருவியின் விலையிலும், பொருத்துகூலி இருந்தால் அதிலும், 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். உச்ச வரம்பு 5000 டாலர். ஒரு கணக்குக்காக: கையடக்கக் கருவி 1000 டாலர் என்றால் 500 திரும்ப வரும். நிரந்தரமாகப் பொருத்த 12,000 ஆனால் பாதியான 6000 வராது, 5000 தான் வரும். விண்ணப்பம் அரசின் பிசினஸ் டாட் கவ் டாட் ஏயூ தளத்தில். திட்டக் காலம் ஏற்கனவே நீட்டிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் ஒதுக்கிய பணம் தீர்ந்தால் அத்தோடு முடியும். அதனால் கருவிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தளத்தில் தற்போதைய நிலையையும், நீங்கள் வாங்கப்போகும் மாடல் ஏற்கப்படுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பில், பொருத்தியதற்கான ரசீது, விமானப் பதிவு விவரம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

எந்தக் கருவியை வாங்குவது என்பதில் அவசரப்படாதீர்கள். பயணிகள் விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. "ஏறு", "இறங்கு" என்று விமானிக்குக் கட்டளை தருவது அதுதான். அது சுற்றியுள்ள விமானங்களில் இருக்கும் ட்ரான்ஸ்பாண்டர் என்ற, தானாகப் பதில் அனுப்பும் கருவியைக் கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்து வேலை செய்கிறது. கண்ணாடியில் ஒட்டிவைக்கும் கையடக்கக் கருவி ஏடிஎஸ்-பியை ஒலிபரப்பும், ஆனால் டிகாஸின் கேள்விக்குப் பதில் சொல்லாது. அதாவது, ஏடிஎஸ்-பி "இன்" வைத்திருப்பவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். ஆனால் மேலே வரும் ஜெட்டின் டிகாஸுக்கு நீங்கள் அங்கே இல்லை. உயரத்தையும் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தால்தான் அந்தக் கட்டளை பிறக்கும்.

ஆகவே ஜெட் வந்துபோகும் நிலையத்தின் பக்கம் அடிக்கடி பறப்பவர், செலவு அதிகமானாலும் ஏடிஎஸ்-பி வசதியுள்ள மோட் எஸ் வகை ட்ரான்ஸ்பாண்டரைப் பொருத்திக்கொள்வதே சரி என்பது என் கருத்து. 5000 டாலர் வரம்பு அதற்காகத்தான் பயன்பட வேண்டும். அந்த அளவு பணம் இல்லாதவர், கிளைடர் வைத்திருப்பவர், வயல்வெளித் தளங்களில் மட்டும் பறப்பவர் கையடக்கக் கருவியாவது வாங்கட்டும். ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டும் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏடிஎஸ்-பியை ஒலிபரப்பக் கூடாது. ட்ரான்ஸ்பாண்டர் ஏற்கனவே இருந்தால் அதை எப்போதும் ஆன் செய்து, உயரம் சொல்லும் நிலையில் வையுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

பயணிகளும் ஊர்க்காரர்களும் செய்யக்கூடியது

ஒரு நிலையத்தில் போக்குவரத்து பெருகினால் அதன் வான்வெளி ஏற்பாட்டை காசாவின் வான்வெளிப் பிரிவு மறுபரிசீலனை செய்கிறது. நியூ சவுத் வேல்ஸின் பாலினா பைரன் நிலையம் இதற்கு உதாரணம். ஜெட் விமானங்கள், பக்கத்தில் லிஸ்மோர், காசினோ, எவன்ஸ் ஹெட் தளங்கள், பைரன் பே பக்கம் பாராசூட் குதிப்பு என்று நெரிசலான பகுதி அது. 2020 நவம்பர் 28 அன்று அங்கே ஓர் ஏ320 பயணிகள் ஜெட் விமானமும் ஒரு ஜாபிரு சின்ன விமானமும் ஆபத்தான அளவுக்கு நெருங்கின. அடுத்த ஆண்டே பிரிஸ்பேன் மையத்திலிருந்து கண்காணிப்புத் திரையைப் பார்த்துத் தகவல் தரும் சேவை அங்கே தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட மறுபரிசீலனைகளில் மக்கள் கருத்தும் கேட்கப்படும். விமானி அல்லாதவர்களும் எழுதலாம். உங்கள் ஊர் நிலையம் பற்றி அறிவிப்பு வந்தால் எழுதுங்கள்.

ஆபத்தான நெருக்கத்தைக் கண்டால் விமானிகள் ஏடிஎஸ்பிக்குத் தெரிவிப்பது கட்டாயம். நேரடியாகச் சொல்லத் தயங்கும் ஊழியர்களுக்கும் பயணிகளுக்கும் ரெப்கான் என்ற ரகசியப் புகார் வழி அதே அமைப்பில் இருக்கிறது. சொன்னவர் யார் என்பது அவர் சம்மதமின்றி வெளியே போகாது. தேதி, நேரம், இடம், விமான எண், ஜன்னல் வழியே எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்பவற்றை அன்றைக்கே எழுதிவைத்து அனுப்பினால் விசாரிப்பவர்களுக்கு வேலை எளிது.